ஊரை விற்கப் பிறந்த பத்திரிகைகள்: லாரமி என்ற ரயில் ஊரின் பழைய இதழ்களை எப்படிப் படிப்பது?

பழந்தாள்:

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் லாரமி என்றோர் ஊர் இருக்கிறது. ஏறத்தாழ 7,200 அடி உயரத்தில், காற்று ஓயாத ஒரு மேட்டுச் சமவெளி. 1868 ஏப்ரலில் யூனியன் பசிபிக் ரயில் நிறுவனம் அங்கே மனை விற்கத் தொடங்கியது. மே மாதம் தண்டவாளம் வந்து சேர்ந்தது. முதலில் மனை, பிறகு ரயில், அதற்கும் பிறகுதான் ஊர். அப்போது வயோமிங் என்ற பிரதேசம்கூட உருவாகவில்லை. அந்த நிலம் டகோட்டா பிரதேசத்தில் அடங்கியிருந்தது. ஜூலை 25 அன்றுதான் வயோமிங் தனியாகப் பிரிந்தது.

இந்த ஊரின் பத்திரிகைகளைக் கொஞ்ச காலமாகத் தொடர்ந்து படித்து வருகிறேன். எனக்கு உறுதிப்பட்ட ஒன்றை இங்கே விவாதத்துக்கு வைக்கிறேன். ரயில் ஊரில் பத்திரிகை தொடங்கியவர்களுக்கு ஊரைப் பதிவு செய்வது முதல் வேலையாக இருக்கவில்லை. ஊரை விற்பதுதான் முதல் வேலை. ஆள் வந்தால் மனை விலை ஏறும், கடை வரும், கடை வந்தால் விளம்பரம் வரும், விளம்பரம் வந்தால்தான் அச்சகம் ஓடும். ஆகவே அந்த இதழ்களைத் தலையங்கத்தில் தொடங்காமல் கடைசிப் பக்கத்தில் தொடங்கிப் படிக்க வேண்டும். விளம்பரம், சட்ட அறிவிப்பு, ரயில் கால அட்டவணை, வரி பாக்கிப் பட்டியல் ஆகியவற்றில் பொய் சொல்ல இடம் குறைவு. பொய் சொன்னால் யாரோ ஒருவருக்குப் பண நட்டம் வந்திருக்கும்.

இதற்கு ஆகச் சிறந்த எடுத்துக்காட்டு ‘ஃபிரான்டியர் இண்டெக்ஸ்’. லீ ஃபிரீமன், ஃபிரெடரிக் ஃபிரீமன் என்ற சகோதரர்கள் நடத்திய பத்திரிகை. லீ ஃபிரீமன் உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையில் இருந்தவர். சிறைப்பட்ட பிறகு வடபடையில் சேர்ந்து, நெப்ராஸ்காவின் கியர்னி கோட்டையில் தந்தி வேலை பார்த்தவர். அங்கே தொடங்கிய பத்திரிகை, தண்டவாளம் மேற்கே நகர நகர அதனுடனேயே நகர்ந்தது. நார்த் பிளாட், ஜூல்ஸ்பர்க், லாரமி, கிரீன் ரிவர், கடைசியில் பேர் ரிவர் சிட்டி. அச்சு எந்திரத்தையும் ஈய எழுத்துப் பெட்டிகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அடுத்த முகாமில் இறக்கி, அடுத்த இதழை அடித்தார்கள். ‘சக்கரத்தின் மேல் அச்சகம்’ என்று அதற்குப் பெயர் வந்தது. போன இடத்தையெல்லாம் மேற்கின் வருங்காலப் பெருநகரம் என்று புகழ்வது அந்தக் காலத்து எல்லைப்புறப் பத்திரிகைகளின் வழக்கம். இண்டெக்ஸும் அதில் சளைத்ததில்லை.

இப்போது ஒரு தேதியைக் கவனியுங்கள். லாரமியில் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்ட குடிமக்கள் குழு, 1868 அக்டோபரில் ஒரே இரவில் மூன்று பேரைத் தூக்கிலிட்டது. மறுநாள் இன்னொருவர். ஊரின் முதல் மேயராகத் தேர்வான மெல்வில் பிரௌன், ஊரை ஆள முடியவில்லை என்று சில வாரங்களிலேயே பதவி விலகியிருந்தார். அந்த அக்டோபருக்கு முன்பே இண்டெக்ஸ் லாரமியை விட்டு மேற்கே போய்விட்டது. ‘லாரமி சென்டினல்’ 1869இல்தான் பிறந்தது. ஊரின் மிகக் கொடிய இரவை அந்த இரண்டு பத்திரிகைகளில் எதுவும் உள்ளூரிலிருந்து எழுதவில்லை. விற்க வேண்டிய மனை விற்றுத் தீர்ந்ததும் பத்திரிகை அடுத்த ஊருக்குப் போய்விட்டது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

உங்கள் கருத்து என்ன?

மேட்டுப்பாதை:

நல்ல இழை. ரயில் இயக்கத்தின் பக்கமிருந்து சிலவற்றைச் சேர்க்கிறேன். ஊர் ஏன் தங்கியது என்று தெரியாமல் பத்திரிகை ஏன் தங்கியது என்பது விளங்காது.

1868இல் அந்தத் தடத்தில் முளைத்த ஊர்களில் பெரும்பாலானவை செத்துப்போயின. பென்டன் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு கோடையில் ஆயிரக்கணக்கானோர் கூடாரம் போட்டிருந்தார்கள். குடிதண்ணீர் ஊரில் இல்லை. மைல் கணக்கில் தள்ளியிருந்த ஆற்றிலிருந்து வண்டியில் கொண்டுவந்து விற்றார்கள். தண்டவாளம் போடும் முகாம் மேற்கே நகர்ந்ததும் சில மாதங்களில் ஊரே காலி. இந்த நகரும் முகாம்களுக்கு ‘சக்கரத்தில் ஓடும் நரகம்’ என்ற பெயரைப் பரப்பியவர் சாமுவேல் பௌல்ஸ் என்ற மாசசூசெட்ஸ் பத்திரிகை ஆசிரியர்.

லாரமி பிழைத்ததற்குக் காரணம் நீராவி இன்ஜின். கிழக்கே செயென் நகரிலிருந்து வரும் வண்டி ஷெர்மன் உச்சியைக் கடக்க வேண்டும். 8,200 அடிக்கு மேல் உயரம். முதல் கண்டம் கடந்த ரயில்பாதையில் அதுதான் மிக உயர்ந்த இடம். வழியில் டேல் க்ரீக் பள்ளத்தாக்கின் மேல் உயரமான பாலம். இத்தனையும் ஏறி இறங்கி வந்த இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டும், நிலக்கரி வேண்டும், பழுது பார்க்க ஆள் வேண்டும், ஓட்டுநரும் ஃபயர்மேனும் மாற வேண்டும். லாரமி ஆறு பக்கத்திலேயே ஓடியது. எனவே வட்ட லோகோ ஷெட்டும் பணிமனையும் அங்கே அமைந்தன. தேய்ந்த இரும்புத் தண்டவாளங்களை உருக்கி மறுபடி உருட்டும் ஆலை 1870களின் நடுவில் வந்தது; 1910இல் அது தீக்கிரையாகும் வரை ஊருக்குச் சோறு போட்டது. மெடிசின் போ மலைகளில் வெட்டிய மரக்கட்டைகளை வசந்த வெள்ளத்தில் ஆற்றோடு மிதக்கவிட்டு லாரமிக்குக் கொண்டுவருவார்கள். அவையே ஸ்லீப்பர் கட்டைகளாயின.

மாதச் சம்பளம் வாங்கும் குடும்பங்கள் நிலையாக இருந்தால்தான் பத்திரிகைக்குச் சந்தா கட்டும் வீடுகள் இருக்கும். கூடார ஊரில் சந்தா ஏது? பழந்தாள் சொன்ன ‘விற்பனை’ முதல் ஓராண்டுக்குப் பொருந்தும். லோகோ ஷெட் வந்த பிறகு பத்திரிகையின் இயல்பே மாறிவிடுகிறது என்பது என் எண்ணம். யாருக்கு வேறு டிவிஷனுக்கு மாற்றல், பெட்டிகளை இணைக்கும்போது எந்த பிரேக்மேன் (பிரேக் போடும் தொழிலாளி) விரலை இழந்தார், பனிப்புயலில் எந்த வண்டி எத்தனை மணி நேரம் தாமதம் என்ற இரண்டு வரிச் செய்திகள்தாம் அந்தக் காலத்து ரயில் ஊர்ப் பத்திரிகைகளின் சதை.

நெய்தல்:

பழந்தாள் அவர்களே, தலையங்கத்தை இவ்வளவு எளிதாகத் தள்ளிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். லாரமியின் வரலாற்றில் உலகமே திரும்பிப் பார்த்த நிகழ்ச்சிகள் இரண்டு உண்டு. இரண்டும் பெண்களைப் பற்றியவை. விளம்பரப் பக்கத்தைப் புரட்டினால் அவை கிடைக்காது.

வயோமிங் பிரதேசம் 1869 டிசம்பர் 10 அன்று பெண்களுக்கு வாக்குரிமையும் பதவி வகிக்கும் உரிமையும் கொடுத்தது. அடுத்த மார்ச்சில் லாரமி நீதிமன்றத்தில் பெண்கள் ஜூரிகளாக அமர்ந்தார்கள். நீதிபதி ஜான் ஹோவ். முதலில் அழைக்கப்பட்டவர் பள்ளி ஆசிரியை எலைசா ஸ்டூவர்ட். பெண் ஜூரிகளைக் கவனித்துக்கொள்ள மார்த்தா பாய்ஸ் என்ற பெண் நீதிமன்றக் காவலராக அமர்த்தப்பட்டார். அந்தக் குழு ஞாயிற்றுக்கிழமை மதுக்கடைகளின் மேல் கை வைத்தது. ஊர் ஆண்களில் பலர் கொதித்தார்கள். கிழக்கு நகரங்களின் பத்திரிகைகள், அழும் குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் பெண் ஜூரிகளைக் கேலிச்சித்திரமாக வரைந்தன. அந்தச் சித்திரக்காரர்கள் லாரமியை நேரில் கண்டவர்கள் அல்லர். அந்தப் பெண்கள் ஒரு கொலை வழக்கை விசாரித்துத் தீர்ப்பளித்தார்கள் என்பதைக் கேலி செய்தவர்கள் பெரிதாக எழுதவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 6. ஏறத்தாழ 70 வயதான லூயிசா ஸ்வெயின் காலையில் கடைக்குப் போகும் வழியில் வாக்குச்சாவடிக்குள் நுழைந்து வாக்களித்தார். கையில் ஈஸ்ட் வாங்கக் கொண்டுபோன பாத்திரம். பிரதேசத்தின் சமவாக்குரிமைச் சட்டப்படி பொதுத் தேர்தலில் வாக்களித்த முதல் பெண் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள்.

ஹோவ் போன பிறகு வந்த நீதிபதி பெண்களை ஜூரியில் அமர்த்தும் வழக்கத்தை நிறுத்திவிட்டார். அந்த உரிமை முழுதாகத் திரும்ப 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உரிமை கிடைத்ததை எல்லாப் பத்திரிகையும் எழுதும். அது நழுவிப்போனதை எழுதினார்களா, எத்தனை வரியில், எந்தப் பக்கத்தில் என்று தேடுவதுதான் தலையங்கத்தைப் படிக்கும் முறை. பத்திரிகை எதைச் சுருக்கியது என்பதும் ஆவணம்தான்.

கொலராடோ மேடு:

நான் ஃபோர்ட் காலின்ஸில் வசிக்கிறேன். லாரமி இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான கார் பயணம். அடிக்கடி போவதுண்டு.

பயணிகள் ரயில் இப்போது அங்கே நிற்பதில்லை. கடைசியாக ஓடிய ஆம்ட்ராக் வண்டி 1997இல் நிறுத்தப்பட்டது. பழைய நிலையக் கட்டடம் 1917இல் எரிந்துபோனதால் 1924இல் கட்டிய கட்டடம் இன்று அருங்காட்சியகம். ஆனால் சரக்கு வண்டிகள் இரவு பகலாக ஓடுகின்றன. ஊரின் நடுவே தண்டவாளங்களைக் கடக்கும் நடைபாலத்தில் நின்றால் மைல் நீளத்துக்கு வண்டி போவதைப் பார்க்கலாம். ரயில் ஊர் என்ற அடையாளத்தைப் பின்னால் பல்கலைக்கழகம் எடுத்துக்கொண்டது. வயோமிங் பல்கலைக்கழகம் 1887இல் அங்கே வகுப்பு தொடங்கியது.

நகைச்சுவை எழுத்தாளர் பில் நை பற்றி யாரும் எழுதவில்லையே என்று ஆச்சரியமாக இருக்கிறது. எட்கர் வில்சன் நை 1876இல் லாரமிக்கு வந்து, ஆசிரியர் ஹேஃபோர்டின் கீழ் சென்டினலில் வேலை பார்த்தார். 1881இல் குடியரசுக் கட்சிக்காரர்களின் ஆதரவோடு ‘பூமராங்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். அது அவர் வைத்திருந்த கோவேறு கழுதையின் பெயர். அலுவலகம் ஒரு குதிரைலாயத்தின் மாடியில் இருந்தது. மேலே வர வேண்டுமானால் சாம்பல் நிறக் கழுதையின் வாலை முறுக்கிவிட்டு லிஃப்டில் ஏறுங்கள் என்று அவர் எழுதிவைத்ததாகச் சொல்வார்கள். நாடு முழுவதும் உள்ள பத்திரிகைகள் அவர் எழுதியதை எடுத்துப் போட்டன. மூளைக்காய்ச்சலால் உடல்நலம் கெட்டு 1883இல் ஊரை விட்டுப் போனார். அவர் போனாலும் பூமராங் போகவில்லை; இன்றும் அந்தப் பெயரிலேயே வருகிறது. கழுதையின் பெயரைத் தாங்கிய ஒரு பத்திரிகை நூற்று நாற்பது ஆண்டுகளைத் தாண்டி நிற்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

பழந்தாள்:

கொலராடோ மேடு, நன்றி. நையின் எழுத்து எனக்கும் பிடிக்கும். ஆனால் வரலாற்றுக்கு அவரை நம்புவது கடினம். சிரிக்க வைப்பதற்காக அவர் எதையும் பெரிதாக்குவார், அதை மறைக்கவும் மாட்டார். அவரை அழைத்து வந்த ஹேஃபோர்டோ வேறு சிக்கல். மருத்துவம் படித்தவர், வழக்கறிஞர், பத்திரிகை ஆசிரியர். பிரதேசக் கணக்குத் தணிக்கையாளராகவும் அஞ்சல் அதிகாரியாகவும் இருந்தவர். நையும் பிறகு அஞ்சல் அதிகாரி ஆனார். சிற்றூர்ப் பத்திரிகை சந்தாவால் மட்டும் நடந்ததில்லை. அரசுப் பதவியும் அரசு அச்சு வேலையும்தான் அதைத் தாங்கின. வாஷிங்டனில் எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்ததோ அந்தக் கட்சியின் பத்திரிகைக்குச் சட்ட அறிவிப்புகள் போயின. அதனால்தான் இரண்டாயிரம், மூவாயிரம் பேர் வாழும் ஊரில்கூட இரண்டு பத்திரிகைகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டு வாழ முடிந்தது.

நெய்தல் சொன்னதை ஏற்கிறேன், ஒரு நிபந்தனையோடு. தலையங்கத்தைப் படிக்கும் முன் அதை எழுதியவர் அந்த மாதம் யாரிடம் சம்பளம் வாங்கினார் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கரிசல்தடம்:

எல்லோரும் இதமாகப் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். எனக்கு இந்தப் பத்திரிகைகள் மேல் கோபம் உண்டு. அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஃபிரீமன் சகோதரர்களின் இண்டெக்ஸை வீரக்கதையாகச் சொல்வது வழக்கமாகிவிட்டது. அதன் பக்கங்களில் கறுப்பர்களையும் சீனர்களையும் செவ்விந்தியர்களையும் பற்றி வந்தவை நச்சு. உள்நாட்டுப் போரில் வடபடைத் தளபதியாக இருந்த கிராண்ட் குடியரசுத் தலைவராகப் போட்டியிட்டபோது அவரைப் பற்றி எழுதியது அருவருப்பான வசை. 1868 நவம்பர் 20 அன்று பேர் ரிவர் சிட்டியில், பாதை சமன்படுத்தும் தொழிலாளர் முகாம்களிலிருந்து வந்த கூட்டம் சிறையையும் பத்திரிகை அலுவலகத்தையும் எரித்தது. அதற்குச் சில நாட்களுக்கு முன் ஊரின் காவல்குழு மூன்று பேரைத் தூக்கிலிட்டிருந்தது. பத்திரிகை அந்தக் குழுவின் பக்கம் நின்றது. லீ ஃபிரீமன் பிரிட்ஜர் கோட்டைக்குத் தப்பினார். எத்தனை பேர் இறந்தார்கள் என்று பார்த்தால் ஒவ்வொரு பத்திரிகையும் ஒவ்வோர் எண்ணைச் சொல்கிறது. செத்தவர்கள் கூலித் தொழிலாளர்கள். அவர்களுடைய பெயரைச் சரிபார்க்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. எரிந்த அச்சு எந்திரத்துக்குக் கிடைத்த துக்கம் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அதே ரயில்பாதையில் மேற்கே ராக் ஸ்பிரிங்ஸ். யூனியன் பசிபிக்கின் நிலக்கரிச் சுரங்க ஊர். 1875இல் வேலைநிறுத்தத்தை உடைக்க நிறுவனம் சீனத் தொழிலாளர்களைக் கொண்டுவந்தது. 1885 செப்டம்பர் 2 அன்று வெள்ளைச் சுரங்கத் தொழிலாளர்கள் சீனர் குடியிருப்பைத் தாக்கினார்கள். குறைந்தது 28 சீனர்கள் கொல்லப்பட்டார்கள், 79 வீடுகள் எரிக்கப்பட்டன. உள்ளூர்ப் பத்திரிகையான ‘ராக் ஸ்பிரிங்ஸ் இண்டிபெண்டன்ட்’ தாக்கியவர்களின் பக்கம் பேசியது. வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழுவான கிராண்ட் ஜூரி, கைதானவர்கள் மேல் குற்றம் சுமத்தவில்லை. ராணுவம் வந்து முகாமிட்டது. அந்த முகாம் 1899 வரை இருந்தது. பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் 1,47,748 டாலருக்குச் சற்று மேல் இழப்பீடு வழங்கியது.

லாரமியும் தூய்மையான ஊர் இல்லை. 1904 ஆகஸ்டில் ஜோ மார்ட்டின் என்ற கறுப்பரைச் சிறையிலிருந்து இழுத்து வந்து தெருவிளக்குக் கம்பத்தில் தூக்கிலிட்டார்கள். அதற்கும் யாரும் தண்டிக்கப்படவில்லை.

பழந்தாளின் கடைசிப் பக்கத்தில் இவை எங்கே இருக்கின்றன? மளிகைக் கடை விளம்பரமும் கால அட்டவணையும் அந்த வாரத்திலும் வழக்கம்போல வந்திருக்கும். முதல் பக்கம் பொய் சொல்கிறது, கடைசிப் பக்கம் ஒன்றுமே சொல்வதில்லை. ஊர்ப் பத்திரிகையை வைத்து ஊர் வரலாறு எழுதினால், பத்திரிகை வாங்கியவர்களின் வரலாறுதான் கிடைக்கும்.

நெய்தல்:

கரிசல்தடம் எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ராக் ஸ்பிரிங்ஸில் உயிர் பிழைத்த சீனத் தொழிலாளர்கள் அதே மாதம் நியூயார்க்கில் இருந்த சீனத் துணைத்தூதருக்கு நீண்ட மனு ஒன்றை அனுப்பினார்கள். 559 பேர் கையெழுத்திட்டார்கள். எந்தப் பக்கமிருந்து எந்தக் கூட்டம் வந்தது, எந்தப் பாலத்தில் யார் நின்றார்கள், யார் எங்கே சுடப்பட்டார்கள் என்று அடி அடியாகச் சொல்லும் ஆவணம் அது. உள்ளூர்ப் பத்திரிகையையும் அந்த மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். ஒரே நாள், ஒரே தெரு. இரண்டும் வேறு வேறு ஊர்களைப் பற்றி எழுதியவை என்று தோன்றும்.

மேட்டுப்பாதை:

நிறுவனத்தின் பங்கை விட்டுவிடக் கூடாது. வெள்ளையர் கூலியைக் குறைக்கச் சீனரைக் கொண்டுவந்ததும், தாக்குதலுக்குப் பிறகு ராணுவக் காவலோடு அவர்களை அதே சுரங்கத்துக்குத் திருப்பி அனுப்பியதும் நிறுவனம்தான். தப்பியவர்கள் பாதுகாப்பான ஊருக்குப் போகிறோம் என்று நம்பி வண்டி ஏறினார்கள். வண்டி அவர்களை எரிந்த குடியிருப்பிலேயே கொண்டுபோய் நிறுத்தியது. இதைத் தாக்கியவர்களுக்குச் சார்பாகச் சொல்லவில்லை. தொழிலாளர்கள் ஒருவரையொருவர் வெறுத்தபோது அதில் லாபம் பார்த்தவர்கள் ஓமாஹாவிலும் நியூயார்க்கிலும் இருந்தார்கள். அவர்கள் பெயர் கலவரச் செய்தியில் வராது.

பழந்தாள்:

கரிசல்தடத்தின் கோபத்தை மதிக்கிறேன். அவர் கேட்ட கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல முயல்கிறேன்.

விளம்பரப் பக்கம் கொலையைச் சொல்லாது. ஆனால் கொலைக்குப் பிறகு ஊரில் என்ன மாறியது என்று சொல்லும். ஒரு சலவைக் கடையின் விளம்பரம் பல மாதங்கள் வந்து திடீரென்று நின்றுவிடும். ஒரு மனை ஷெரீஃப் ஏலத்துக்கு வரும். மாவட்ட ஆணையர்களின் கூட்டக் குறிப்பில் சிறைக்காவலருக்கு, சவப்பெட்டிக்கு, குழி தோண்டியவருக்குக் கொடுத்த தொகைகள் வரியாக அச்சாகும். செய்தி ஆசிரியர் மறைக்க நினைத்த மரணத்தைக் கணக்கு எழுதுபவர் மறைக்க முடியாது. அவர் செலவைக் காட்டியாக வேண்டும். இதைத்தான் கடைசிப் பக்கத்தின் வலிமை என்று சொல்கிறேன். பெயரில்லாமல் புதைக்கப்பட்ட ரயில் தொழிலாளிகளுக்கு அந்தக் கணக்கு வரியைத் தவிர வேறு நினைவுச்சின்னம் பல நேரங்களில் இல்லை.

பத்திரிகையை மட்டும் வைத்து எழுதக் கூடாது என்பதில் எனக்கு மறுப்பு இல்லை.

ஏட்டுக்கட்டு:

நூலகத் துறையில் இருப்பவன் என்ற முறையில் சில தொழில் செய்திகள். இவை தெரியாமல் அந்தக் காலத்துச் சிற்றூர் இதழைப் படிப்பவர்கள் தவறான முடிவுக்கு வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பல சிற்றூர் வார இதழ்களின் பாதிப் பக்கங்கள் உள்ளூரில் அச்சடித்தவை அல்ல. விஸ்கான்சினின் பாராபூ என்ற ஊரில் 1861இல் ஆன்செல் கெல்லாக் என்பவர், உள்நாட்டுப் போரால் அச்சுத் தொழிலாளர்கள் கிடைக்காமல், ஒரு பக்கம் முன்பே அச்சடித்த தாள்களை வேறிடத்திலிருந்து வரவழைத்தார். மறுபக்கத்தில் மட்டும் உள்ளூர்ச் செய்தியை அச்சடித்தார். பிறகு அவரே சிகாகோவில் அதைப் பெருந்தொழிலாக நடத்தினார். கதை, சமையல் குறிப்பு, ஐரோப்பியச் செய்தி, மருந்து விளம்பரம் எல்லாம் நிரம்பிய தாள் கட்டுகள் ரயிலில் வந்து இறங்கும். ஆகவே ஒரு வயோமிங் இதழில் நரம்புத் தளர்ச்சி மருந்து விளம்பரம் நிறைய இருந்தால் அந்த ஊரார் நரம்புத் தளர்ச்சியால் வாடினார்கள் என்று எழுதிவிடாதீர்கள். அதே பக்கம் நூற்றுக்கணக்கான ஊர்களில் வந்திருக்கும். பழந்தாள் விளம்பரத்தைப் படிக்கச் சொல்வது சரி. உள்ளூரில் அச்சுக்கோத்த விளம்பரம் எது என்று முதலில் பிரித்தாக வேண்டும். எழுத்துருவைப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்.

இன்னொன்று, 1873 வரை பத்திரிகை ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் இதழ்களை அஞ்சல் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ளலாம். கத்தரிக்கோலும் பசையும் வைத்துக்கொண்டு மற்ற ஊர்ச் செய்தியை எடுத்துப் போடுவார்கள். இதனால் ஓர் ஊரின் இதழ் எரிந்துபோனாலும் அதன் செய்தி வேறோர் ஊரில் பிழைத்திருக்கும். லாரமியின் 1868 அக்டோபர் பற்றிப் பழந்தாள் வருந்தினார். செயென் நகரில் நேதன் பேக்கர் 1867 செப்டம்பரில் தொடங்கிய ‘செயென் லீடர்’ இருக்கிறது, அங்கே தேடலாம். அதே பேக்கர்தான் லாரமியில் சென்டினலையும் தொடங்கியவர்.

மூன்றாவதாக நில உரிமை அறிவிப்புகள். அரசு நிலத்தில் குடியேறியவர், உரிமைப் பத்திரம் பெறும் முன் நிலத்துக்கு அருகில் உள்ள பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட வேண்டும் என்ற விதி 1879இல் வந்தது. அதில் சாட்சிகளாகப் பக்கத்து நிலக்காரர்கள் நால்வரின் பெயர் இருக்கும். எந்தப் பத்திரிகையும் அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்காவிட்டாலும், யார் யாருக்கு அண்டை வீட்டார், யாரை யார் நம்பினார்கள் என்று இந்த நான்கு பெயரில் தெரிந்துவிடும். நான் ஊர் வரலாற்றில் இதைவிட நல்ல சுரங்கத்தைக் கண்டதில்லை.

பாலைவழி:

புதிய உறுப்பினர். வணக்கம். இவற்றை இந்தியாவில் இருந்துகொண்டு படிக்க முடியுமா? கட்டணம் உண்டா? எந்தச் சொல்லை இட்டுத் தேடுவது? எனக்கு அந்த ஊரின் சாதாரண ரயில் தொழிலாளி ஒருவரைப் பின்தொடர்ந்து போக ஆசை.

ஏட்டுக்கட்டு:

பாலைவழி, வணக்கம். வயோமிங் மாநில நூலகம் பழைய வயோமிங் பத்திரிகைகளை எண்ணிமப்படுத்தி இலவசமாகத் திறந்து வைத்திருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் பத்திரிகைத் தொகுப்பும் இலவசம். இரண்டையும் எங்கிருந்தும் படிக்கலாம். லாரமியிலேயே, பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அமெரிக்கன் ஹெரிடேஜ் மையத்தில் கடிதங்கள், நிழற்படங்கள், நிறுவன ஆவணங்கள் இருக்கின்றன.

தேடலை மட்டும் நம்ப வேண்டாம். இந்தப் படங்களில் பெரும்பாலானவை மைக்ரோஃபிலிமிலிருந்து எடுத்தவை. தேய்ந்த ஈய எழுத்து, மடிப்பு, மங்கிய மை. படத்தில் உள்ள எழுத்தைப் படித்துத் தரும் எழுத்துணரி மென்பொருள் பெயர்களைச் சிதைத்துவிடும். 1870களுக்குப் பிறகு மரக்கூழ்த் தாள் பரவியது. துணிக்கூழில் செய்த பழைய தாளைவிட அது விரைவில் பழுத்து நொறுங்கும். எனவே 1868ஆம் ஆண்டுத் தாளைவிட 1898ஆம் ஆண்டுத் தாள் மோசமாக இருப்பதைக் கண்டு வியக்காதீர்கள். ஒரு பெயர் கிடைக்கவில்லை என்றால் அந்த மனிதர் இல்லை என்று பொருளில்லை. வேலைப் பெயரையும் தெருப் பெயரையும் இட்டுத் தேடுங்கள். தேதி தெரிந்தால் பக்கங்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் பாருங்கள்.

நெய்தல்:

பெண்களைத் தேடுவோருக்கு ஒரு குறிப்பு. மணமான பெண்ணின் சொந்தப் பெயர் பெரும்பாலும் அச்சில் வராது. கணவரின் முன்னெழுத்துகளுக்கு முன்னால் ‘திருமதி’ என்று போட்டிருக்கும். விதவை என்றால் உயில் அறிவிப்பில் முழுப்பெயர் வரும். விடுதி நடத்தியவர்கள், தையற்காரிகள், பள்ளி ஆசிரியைகள் தங்கள் சொந்தப் பெயரில் விளம்பரம் கொடுத்திருப்பார்கள். பழந்தாள் மகிழ்வார், இங்கே அவருடைய கடைசிப் பக்கம்தான் கைகொடுக்கிறது. பத்திரிகை அலுவலகத்துக்குள்ளும் பெண்கள் இருந்தார்கள். லீ ஃபிரீமன் பின்னாளில் யூட்டாவின் ஆக்டன் நகரில் ‘ஆக்டன் ஃபிரீமன்’ என்ற பத்திரிகை நடத்தினார் அல்லவா? 1875இல் அதன் தொடக்க காலத்தில் பொறுப்பேற்று நடத்தியவர் அவருடைய மனைவி ஏடா.

கரிசல்தடம்:

பாலைவழிக்கு என் யோசனை. ஒரு தொழிலாளியைப் பின்தொடர வேண்டுமானால் மூன்றை ஒன்றாக வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த மக்கள்தொகைக் கணக்கு, பத்திரிகை, சான்போர்ன் நிறுவனம் தீ காப்பீட்டுக்காக வரைந்த ஊர் வரைபடம். கணக்கெடுப்பில் அவர் பிறந்த நாடும் வேலையும் இருக்கும். வரைபடத்தில் அவர் தங்கிய விடுதி மரமா செங்கல்லா, லோகோ ஷெட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது தெரியும். 1890ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு ஏடுகள் மட்டும் ஏறக்குறைய முழுதும் அழிந்துவிட்டன. 1921இல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் பெரும்பகுதி பாழானது. அந்த இருபது ஆண்டு இடைவெளியைப் பத்திரிகையால்தான் நிரப்ப முடியும். எனக்கு அவற்றின் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அந்த இடத்தில் வேறு வழியில்லை.

மேட்டுப்பாதை:

தேதிகளைச் சரிபார்க்கும்போது நேரத்தையும் கவனியுங்கள். 1883 நவம்பர் 18 அன்றுதான் அமெரிக்க ரயில் நிறுவனங்கள் பொது நேரத்துக்கு மாறின. அதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் சூரியனைப் பார்த்து வைத்த நேரம்; ரயிலுக்கு வேறு நேரம். பழைய விபத்துச் செய்தி ஒன்றில் இரண்டு பத்திரிகைகள் இரண்டு மணிகளைச் சொன்னால் இரண்டுமே சரியாக இருக்கக்கூடும். கால அட்டவணையின் தலைப்பில் எந்த ஊர் நேரம் என்று போட்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பாதையும் மாறியிருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் யூனியன் பசிபிக்கைக் கையில் எடுத்த ஹாரிமனின் நிர்வாகத்தில் ஷெர்மன் மேட்டுப் பாதையைச் சாய்வு குறைத்து வேறு வழியே போட்டார்கள். டேல் க்ரீக் பாலம் கைவிடப்பட்டது. ஷெர்மன் என்ற சிற்றூரும் ரயில் போனதும் அழிந்தது. பழைய செய்தியில் வரும் இடத்தை இன்றைய பாதையில் தேடினால் கிடைக்காது.

பழந்தாள்:

பாலைவழி, தொடங்குவதற்கு ஒன்று சொல்கிறேன். லாரமி இதழ்களில் வரி பாக்கிப் பட்டியலைத் தேடுங்கள். சொத்துவரி கட்டாதவர்களின் பெயர், மனை எண், பாக்கித் தொகை எல்லாம் அதில் வரிசையாக வரும். ஓராண்டில் ஒரு பெயர் இருந்து மறு ஆண்டில் இல்லையென்றால் மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது: கடனைக் கட்டிவிட்டார், விற்றுவிட்டார், அல்லது ஊரை விட்டுப் போய்விட்டார். எது என்று அறிய அதே மாதத்து நிலப்பதிவுச் செய்திகளைப் பாருங்கள். உங்களுக்கு ஒரு பெயர் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள். கணக்கெடுப்பை நான் பார்க்கிறேன். ஏட்டுக்கட்டு நில அறிவிப்புகளைப் பார்ப்பார் என்று நம்புகிறேன்.

ஏட்டுக்கட்டு:

பார்க்கிறேன். 1880க்குப் பிந்தைய பெயராக இருந்தால் எளிது.